தேதி தவறாதவள்

மார்ச் 5

அக்காவுக்கு,

மூன்று மாதமாக ஒரு வரி எழுதாததற்குத் திட்ட வேண்டும் என்றால் முதலில் திட்டி முடித்துவிடு. பிறகு மேலே படி.

நலமாக இருக்கிறேன். வேலை கிடைத்துவிட்டது, ஒரு தையல் கம்பெனியில். தைத்து வரும் சட்டைகளில் பிசிறு வெட்டி, பித்தான் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மடிக்கும் வேலை. எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று கேட்காதே. அத்தான் இரண்டு தரம் அதட்டிக் கேட்டால் நீ கொட்டிவிடுவாய் என்று உனக்கே தெரியும். தெரியாததை உன்னிடமிருந்து யாரும் கறக்க முடியாது.

உறையின் பின்னால் இருப்பது பட்டணத்துத் தபால் ஆபீசில் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் பெட்டியின் எண். நான் பட்டணத்தில் இல்லை. மாதம் ஒரு முறை பேருந்தில் போய்க் கடிதம் இருந்தால் எடுத்துக்கொள்வேன். நானும் உன் வீட்டுக்கு எழுதாமல் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவுக்கே எழுதுகிறேன். அங்கே உன்னைத் தவிர யாரும் தபாலைத் தொடுவதில்லை என்று நீதான் பெருமையடித்துக்கொள்வாய். போன் வேண்டாம். உன் போன் பாதி நேரம் அத்தான் கையில் இருக்கும். அத்தான் பாதி நேரம் என் வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடிக் கடையில் இருப்பார்.

கார்டு விஷயம் சொல்ல வேண்டும். நான் கிளம்பியபோது என் பேரில் இருந்த கார்டில் முப்பத்தேழாயிரம் பாக்கி. தையல் மெஷின் பதினெட்டு, அம்மாவின் பல் செட் ஏழு, மற்றது பன்னிரண்டு. கார்டை நான்காக வெட்டிப் போட்டுவிட்டேன். ஆனால் பாக்கி வெட்டினால் போகாது. ஜனவரியிலிருந்து மாதம் மூவாயிரம் கட்டுகிறேன். மூன்று தவணை ஆகிவிட்டது. மெஷின் அவர் வீட்டில் இருக்கிறது, அதற்குத் தவணை நான் கட்டுகிறேன். சிரிக்காதே.

ஏன் கட்ட வேண்டும் என்று கேட்பாய். கட்டாவிட்டால் "கடனை வச்சுட்டு ஓடிட்டா" என்று அவர் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் லென்ஸ் மாட்டிக்கொண்டே சொல்வார். குரலை உயர்த்தாமல் சொல்வார். ஒன்பது வருடம் மாதாமாதம் அந்தப் பில்லை மேசையில் விரித்து, அடிக்கோலை வைத்து ஒவ்வொரு வரியாக, "இது என்ன, இது எதுக்கு" என்று அப்படித்தான் கேட்டார். மருந்துக்கடையில் நூற்றுத் தொண்ணூறு என்று ஒரு வரி. நான் பதில் சொல்லவில்லை. என் விரல் மேசை இழுப்பறையில் இருந்தது. மெதுவாக, நிதானமாக மூடினார். கதவில் நசுங்கியது என்று உன்னிடம் சொன்னேன், நீயும் நம்பினாய். நகம் இன்னும் சரியாக முளைக்கவில்லை.

பில் இன்னும் பழைய வீட்டுக்குத்தான் போகிறது. முகவரி மாற்ற வேண்டும் என்றால் பழைய போன் நம்பருக்கு ரகசிய எண் வருமாம். அந்த நம்பர் அவரிடம். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். கட்டிய வரியை அவரே படிக்கட்டும்.

சம்பளம் பதினோராயிரம். அறை மூவாயிரத்து ஐந்நூறு, கார்டு மூவாயிரம், சாப்பாடு இரண்டாயிரத்து அறுநூறு, சோப்பு, மருந்து, சில்லறை ஐந்நூறு. மூன்றாம் தேதி பட்டணம் போக பஸ் இருநூற்று நாற்பது, அன்றைக்கு லீவு போட்டால் சம்பளத்தில் நானூற்று இருபது பிடிப்பார்கள். மிச்சம் எழுநூற்று நாற்பது டப்பாவில் விழுகிறது. மாடியில் இரும்புக் கதவு போட்ட அறை ஒன்று இருக்கிறது. ஒன்பதாயிரம் முன்பணம். இப்போதைய அறைக்கு உள்தாழ்ப்பாள் சரியில்லை, இரவில் ஸ்டூலை முட்டுக்கொடுத்துப் படுக்கிறேன். ஒரு வருடத்தில் மாடிக்குப் போய்விடுவேன்.

இந்த ஊரிலேயே அந்தக் கார்டு பேங்கின் சின்னக் கிளை ஒன்று இருக்கிறது. ஆனால் அங்கே கவுன்டரில் முகம் காட்டிச் சீட்டு எழுத வேண்டும். பட்டணத்தில் என்றால் இயந்திரம், பணத்தைப் போட்டுவிட்டு வந்துவிடலாம். எதற்கும் இருக்கட்டும் என்றுதான் அவ்வளவு தூரம் போகிறேன்.

எழுது.

எறும்பு

.

மார்ச் 14

அடி எறும்பு,

திட்டிவிட்டேன். பத்து நிமிடம், வாய் ஓயும்வரை, சலவைப் பிரிவின் கதவைச் சாத்திக்கொண்டு, படுக்கை விரிப்பு மூட்டையைப் பார்த்து. மூட்டை பதில் பேசவில்லை. நீயும் இப்படித்தான் சின்ன வயதில் நிற்பாய்.

உயிரோடு இருக்கிறாய், அது போதும். விரல் விஷயத்தை நான்கு தரம் படித்தேன். நம்பினேன் என்று எழுதியிருக்கிறாய். நம்பவில்லையடி. நம்பினால் நல்லது என்று நினைத்தேன். அதற்கு மேல் என்னிடம் கேட்காதே, பேனா நகரவில்லை.

"மற்றது பன்னிரண்டு" என்று எழுதியிருக்கிறாயே, அது என் மகளின் காலேஜ் பீஸ் என்று எழுத உனக்குக் கை வரவில்லையா? இரண்டு மாதத்தில் தருகிறேன் என்று வாங்கி ஒன்றரை வருடமாகிறது. நீ குத்திக் காட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனசு லேசாகியிருக்கும். நீ பேசாமல் கட்டுவதுதான் சுருக்கென்கிறது. இந்த உறையில் ஆயிரம் வைத்திருக்கிறேன். உன் அத்தானுக்குத் தெரியாது. தெரிந்தால் அதற்கும் ஒரு பஞ்சாயத்து.

மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வந்தார். இப்போது மாதம் ஒரு தரம் வந்துவிடுகிறார். கத்துவதில்லை, அழுவதில்லை. உன் அத்தானோடு கேரம் ஆடுவார். போன தடவை என் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் காதுப்பக்கம் இறுக்கிக் கொடுத்தார். மாட்டிவிடும்போது முகத்துக்கு நேரே குனிந்து, "எழுதினாளா அக்கா?" என்றார். இல்லை என்றேன். அப்போது நீ எழுதியிருக்கவில்லை, அதனால் பொய்யில்லை. "பரவால்ல. இந்த லென்ஸ்ல கண்ணு பெருசா தெரியும். பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும்" என்று சிரித்தார். உன் அத்தானும் சிரித்தார். நான் காபி போடப் போய்விட்டேன்.

இந்தத் தடவை கார்டு பில்லையெல்லாம் ஒரு கோப்பில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். என் கையிலேயே கொடுத்தார். "பாருங்க அக்கா, ஒரு மாசம் தவறல. மூணாந்தேதின்னா மூணாந்தேதி. அவ அப்படித்தான்" என்று சொல்லும்போது குரலில் ஒரு பெருமை. உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே, எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. பிறகு உன் கடிதம் வந்தது. இப்போது பாவமாக இல்லை.

ஒன்று மட்டும் நல்லதாகப் போயிற்று. பில்லை வரிவரியாகப் பார்த்தேன். "பணம் வரவு, நன்றி" என்று ஒரே வரி. தேதி, தொகை, அவ்வளவுதான். வேறு ஈ எறும்புகூட இல்லை. பிறகு எதற்கடி நீ பட்டணம்வரை போய்த் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறாய்? பஸ் காசு இருநூற்று நாற்பது, லீவு நானூற்று இருபது, ஆகமொத்தம் அறுநூற்று அறுபது. கடன் கட்டுவதற்கு ஒரு செலவா? அதையும் டப்பாவில் போட்டால் மாதம் ஆயிரத்து நானூறு. ஒரு வருடம் ஸ்டூலை முட்டுக்கொடுத்துப் படுக்க வேண்டியதில்லை, ஆறேழு மாதத்தில் இரும்புக் கதவு வந்துவிடும். கவுன்டரில் இருக்கிறவன் உன் முகத்தைப் பார்த்து என்ன செய்யப் போகிறான்? அவனுக்கு வரிசையில் நாற்பது முகம். சாப்பாட்டு நேரத்தில் ஓடிப் போய்க் கட்டிவிட்டு வா. பயந்தாங்கொள்ளி. கணக்கில் மட்டும்தான் நீ புலி.

அந்த அறைக்கு முதலில் போ. மற்றதெல்லாம் பிறகு.

உன் அக்கா

.

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

உன் கடிதம் போன வாரமே கிடைத்துவிட்டது. கம்பெனி வண்டி பட்டணத்துக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனது. ஓட்டுனரிடம் சொல்லி முன்சீட்டில் தொற்றிக்கொண்டேன். ஆயிரம் பத்திரமாக டப்பாவில் இருக்கிறது. வேண்டாம் என்று திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். நீ மறுபடியும் மூட்டையைத் திட்டுவாய் என்று விட்டுவிட்டேன்.

உன் பேச்சை எப்போது நான் தட்டியிருக்கிறேன்? எவ்வளவு யோசித்து வைத்திருந்தாலும் நீ நாலு வார்த்தை பேசினால் என் மனசு உன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. நேற்று இங்கேயே கட்டினேன். நீ சொன்னது சரிதான். இவ்வளவு சுலபமான காரியத்துக்கா நான் மூன்று மாதம் நாலரை மணிக்கு எழுந்தேன்?

பேருந்து நிலையத்துக்கு நேர் எதிரே மாடிப்படி ஏறிப் போக வேண்டும். ஒரே ஒரு கவுன்டர். மூக்கு நுனியில் கண்ணாடி தொங்க ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். கார்டு எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். பணத்தை இரண்டு தரம் எண்ணிவிட்டு, "சரியா மூணாந்தேதி வந்துட்டீங்களே, எல்லாரும் கடைசி நாள்தான் வர்றாங்க" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரோ ஒருத்தர் என்னைப் பாராட்டி எத்தனை நாளாயிற்று! சாப்பாட்டு மணி முடிவதற்குள் மேசைக்குத் திரும்பிவிட்டேன். மேற்பார்வையாளர் நான் போனதையே கவனிக்கவில்லை.

ஊர்ப் பெயரையும் சொல்லிவிடுகிறேன். உன்னிடம்கூட மறைத்து என்ன வாழ்வு? உறையின் உள்பக்கம் பென்சிலில் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு அழித்துவிடு. கம்பெனியும் அறையும் மட்டும் வேண்டாம். நான் இந்த ஊரில் இருப்பது உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும்.

இனி மாதாமாதம் பட்டணம் போகப் போவதில்லை என்பதால் கடிதம் எடுப்பது முன்போல இருக்காது. கம்பெனி வண்டி போகும்போது போய் எடுப்பேன். இரண்டு மாதம்கூட ஆகலாம். பதில் தாமதமானால் பயப்படாதே.

அவர் கோப்புப் போட்டு வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். அது பெருமை இல்லை அக்கா. என் வளையல்களைக்கூட அவர் எண்ணித்தான் வைத்திருந்தார்.

டப்பாவில் இப்போது நாலாயிரத்து அறுநூற்று இருபது. மாடி அறைக்குப் போய்க் கதவைத் தட்டிப் பார்த்தேன். கெட்டியான கதவு.

எறும்பு

.

ஏப்ரல் 24

எறும்பு,

இதை நீ எப்போது படிப்பாய் என்று தெரியவில்லை. இன்றைக்கே, இப்போதே வண்டி பட்டணம் போக வேண்டும், நீ அதில் ஏற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். முதலில் இதைப் படி: அந்தக் கிளையில் இனிமேல் கட்டாதே. எந்தக் கிளையிலும் கட்டாதே. மூன்றாம் தேதி அந்தப் பக்கமே போகாதே.

நேற்று முன்தினம் மாப்பிள்ளை வந்தார். உன் அத்தான் வீட்டில் இல்லை, அதைத் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார். கோப்பைத் திறந்து இந்த மாதப் பில்லை எடுத்து, மடிப்பைக் கையால் நீவி, மேசையில் வைத்தார். அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்தார். நீ எழுதியிருந்தாயே, அதே மாதிரி. "இதைப் படிங்க அக்கா. நான் சரியாத்தான் படிச்சேனான்னு பாருங்க" என்றார்.

"பணம் வரவு, கிளைக் கவுன்டர்" என்று போட்டு, பக்கத்திலேயே உன் ஊரின் பெயர்.

இயந்திரத்தில் போட்டால் ஒன்றும் வராதாம். கவுன்டரில் கட்டினால் கிளையின் பெயர் அச்சாகுமாம். இது எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்த மூன்று பில்லும் பட்டணத்து இயந்திரத்தில் நீ கட்டியவை. அதைப் பார்த்துவிட்டு எல்லாம் தெரிந்தவள் மாதிரி உன்னைப் பயந்தாங்கொள்ளி என்றேன். நான்தான் உன்னை அந்தக் கவுன்டருக்கு அனுப்பினேன். என் வாயை என்ன செய்வது?

"இந்த ஊர் எவ்வளவு தூரம் இருக்கும் அக்கா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். என் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஏழரை மணி நேரம். ஒரே பஸ். நான் பார்த்துட்டேன்" என்றார். எதற்குப் போகிறீர்கள் மாப்பிள்ளை, அவள் வரமாட்டேன் என்றுதானே போனாள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நான் ஊரெல்லாம் தேட வேண்டாம் அக்கா. அவ மூணாந்தேதி அந்த கவுன்டருக்கு வருவா. நான் ஒரு நாற்காலியில உட்கார்ந்திருந்தா போதும்" என்றார். போகும்போது வாசலில் நின்று, "அவகிட்ட ஒரே ஒரு வரிக்குக் கணக்குக் கேட்கணும். பஸ் டிக்கெட். என்னைக் கேட்காம எடுத்தாளே, அந்த டிக்கெட்" என்றார்.

அவர் போனபிறகு கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

உன் அத்தானிடம் சொன்னேன். விரல் விஷயத்தையும் சொன்னேன். "புருஷன் பொண்டாட்டியைப் பார்க்கப் போறான், இதுல உனக்கென்ன" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். போலீஸில் கேட்டேன். நடந்த பிறகு வாங்க என்கிறார்கள். அந்தக் கிளைக்கு ஆஸ்பத்திரி போனிலிருந்து பேசினேன். வாடிக்கையாளர் விஷயம் யாரிடமும் பேசக்கூடாது என்று சொல்லி வைத்துவிட்டார்கள். உன் கம்பெனியின் பெயர் எனக்குத் தெரியாது. அறை தெரியாது. என்னிடம் சொல்லாமல் இருந்தால் நல்லது என்று நீ நினைத்தாய், நானும் கெட்டிக்காரத்தனம் என்று மெச்சிக்கொண்டேன்.

அதனால் நானே வருகிறேன். உன் அத்தானிடம் ஆஸ்பத்திரியில் கணக்கெடுப்பு, இரண்டு நாள் இரவுப் பணி என்று சொல்லப்போகிறேன். மூன்றாம் தேதி காலை கிளை திறப்பதற்கு முன்பே அந்தப் படிக்கட்டில் நிற்பேன். நீ முதலில் வந்தால் உன்னை இழுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிவிடுவேன். அவர் முதலில் வந்தால் ஒன்றும் தெரியாதவள் மாதிரி சிரித்துப் பேசி, உங்களோடு சேர்ந்து நானும் அவளைத் தேடத்தான் வந்தேன் மாப்பிள்ளை என்று சொல்லி, எப்படியாவது கீழே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். நடிக்கத்தான் வேண்டும். என் பேச்சில் மயங்காதவர் யார்? நீ வருவதற்குள் அவரை அந்த நாற்காலியிலிருந்து கிளப்பிவிட்டால் போதும்.

இதை நீ முன்பே படித்துவிட்டால் வராமல் இருந்துவிடு. நான் அங்கே வெட்டியாக நின்று கால் கடுத்துத் திரும்பி வந்தால் அதைவிடச் சந்தோஷம் எனக்கு வேறு இல்லை.

அக்கா

.

மே 1

எறும்பு,

இன்று அவருடைய கடை வாசலில் "நான்கு நாள் விடுமுறை" என்று அட்டை தொங்குகிறது. நாளைச் சாயங்காலப் பஸ்ஸில் போகிறார் என்று உன் அத்தான் சொன்னார். நான் மத்தியானப் பஸ்ஸிலேயே ஏறிவிடுவேன். பச்சைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பேன், தூரத்திலிருந்தே உனக்கு அடையாளம் தெரியும்.

போன கடிதம் கைக்கு வந்ததா என்று தெரியவில்லை. வராவிட்டாலும் என்னைப் பார்த்தால் நேராக என்னிடம் வா. அவர் கூட நின்றால் மட்டும் வராதே.

அக்கா

.

ஜூன் 3

அக்காவுக்கு,

இதில் முகவரி இல்லை. இதை எங்கள் கம்பெனி வண்டி ஓட்டுனரிடம் கொடுத்து வேறு ஊரில் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். அதனால் முத்திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டாம். கம்பெனி என்பது முன்பு இருந்தது இல்லை. ஊரும் வேறு.

மே மூன்றாம் தேதி சாப்பாட்டு மணி அடித்ததும் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். பேருந்து நிலையத்தைத் தாண்டும்போது முதலில் கண்ணில் பட்டது உன் பச்சைப் பை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. கையைத் தூக்கிக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் உன் பக்கத்தில் அவர் படியிறங்கி வருவதைப் பார்த்தேன்.

தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அவருடைய முழங்கையைப் பிடித்தாய். "வாங்க மாப்பிள்ளை" என்று நீ சொன்னது தெருவுக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது. "கவலைப்படாதீங்க, இன்னிக்கு எப்படியும் வந்துடுவா" என்றும் சொன்னாய். அதுவும் கேட்டது. அவர் உன் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். இரண்டு பேரும் டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்தீர்கள். நீ பேசிக்கொண்டே இருந்தாய். அவர் மட்டும் நடுநடுவே திரும்பி அந்தப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அந்த ஊரில் இருப்பது உனக்கு மட்டும்தான் தெரியும். எந்தக் கிளை, எந்தப் படிக்கட்டு, எந்த நேரம் என்பதும் நான் உனக்கு மட்டும்தான் எழுதினேன். எத்தனை விதமாக யோசித்தும் வேறு வழி தெரியவில்லை. பில்லில் ஒன்றும் வராது என்று நீயே உன் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறாய். அப்படியானால் மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான்.

ஏன் செய்தாய் என்று கேட்கப் போவதில்லை. அத்தான் நெருக்கியிருப்பார். அவர் வந்து பாவமாகப் பேசியிருப்பார். எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்திருப்பாய், அதுதான் எனக்கு ஆறவில்லை. பகையாக நினைத்துச் செய்திருந்தால் பேசாமல் உன்னை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அன்றைக்கு அறைக்குக்கூடத் திரும்பவில்லை. கையில் இருந்த பணத்தோடு பட்டணத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். டப்பாவையும் துணியையும் பக்கத்து அறைக்காரப் பெண் பிறகு கொண்டுவந்து கொடுத்தாள். மாடி அறைக் கனவு அத்தோடு போயிற்று. அன்று பட்டணத்து இயந்திரத்திலேயே அந்த மாதத் தவணையைப் போட்டேன். மூன்று நாள் கழித்துத் தபால் ஆபீஸ் போய்ப் பெட்டியை ஒப்படைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டேன். பெட்டியில் உன் கடிதங்கள் இரண்டு இருந்தன. ஒன்று கனமாக இருந்தது.

பிரிக்கவில்லை. பஸ் நிலைய பெஞ்சில் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிரித்தால் உன் பேச்சுக்கு மசிந்துவிடுவேன். நீ ஏதாவது காரணம் எழுதியிருப்பாய், படித்தால் நியாயமாகத்தான் தோன்றும், திரும்பி வந்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். இரண்டையும் ஒட்டியது ஒட்டியபடியே இத்துடன் வைத்திருக்கிறேன். உன் ஆயிரத்தையும் வைத்திருக்கிறேன். பிள்ளையின் பீஸ் பாக்கியைப் பற்றிக் கவலைப்படாதே, அதையும் சேர்த்து நானே கட்டி முடித்துக்கொள்கிறேன்.

இனி எழுத மாட்டேன். நீயும் தேடாதே. அம்மாவின் பல் செட் ஆடுகிறது என்றால் அதைச் செய்து கொடுத்த பல் டாக்டரிடமே கூட்டிக்கொண்டு போ, அவர் இலவசமாகச் சரி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே சம்பளம் ஐந்நூறு கூட. அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, மரக்கதவுதான், ஆனாலும் தாழ்ப்பாள். இடம் மாறிய செலவில் டப்பா முக்கால்வாசி காலி. அதனால் இனிப் பஸ்ஸுக்கும் லீவுக்கும் காசைக் கரைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். எத்தனை கஷ்டம் வந்தாலும் கடன்காரி என்று மட்டும் அவர் என்னைச் சொல்ல முடியாது. இந்த மாதமும் தேதி தவறவில்லை. இந்த ஊரிலும் பேங்க் கிளை ஒன்று இருக்கிறது, அறையிலிருந்து நடந்தால் ஆறு நிமிடம். இன்று மத்தியானம் அங்கே கவுன்டரில் கட்டிவிட்டேன்.

தங்கை